அந்த 5 சதவீதம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

மங்கலம் போயிருக்கிறீர்களா? திருப்பூரிலிருந்து சோமனூர் போகிற வழியில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே விசைத்தறிச் சத்தம் காதைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தள்ளி பனியன் கம்பெனிகள். ஊரே நூலை நம்பித்தான் வாழ்கிறது.

2017 ஜூலையில் அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஜி.எஸ்.டி. வந்து பத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பக்கத்தில் இருந்தவர் கூலிக்கு நெசவு செய்கிறவர். பாவும் நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். இவர் துணியாக நெய்து கொடுத்துவிட்டு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். அதுவரை அந்தக் கூலிக்கு வரி என்று ஒன்று கிடையாது. அவர் என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க, சட்டம் போடறதுக்கு முன்னால எங்களை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களாங்க?"

நான் பி.காம். படித்தவன். பற்று வரவு கேட்டிருந்தால் பளிச்சென்று சொல்லியிருப்பேன். இதற்குப் பதில் தெரியவில்லை. அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 1896. துணிக்கு அப்போதும் ஒரு வரிச் சட்டம் வந்தது. அரசாங்கத்துக்குப் பணமுடை. வெளிநாட்டுத் துணிக்கு இறக்குமதி வரி போட்டார்கள். உடனே லங்காஷயர் மில் முதலாளிகள் குதித்தார்கள். 'எங்கள் துணிக்கு வரி போட்டால் இந்திய மில்காரன் லாபமடைவானே!' லண்டன் அவர்கள் பக்கம் சாய்ந்தது. விளைவு? இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீதம். இந்திய மில்லில் நெய்யும் துணிக்கும் அதே மூன்றரை சதவீதம்!

சட்டத்தை நிறைவேற்றியது வைஸ்ராயின் சட்டசபை. அதில் அதிகாரிகள்தான் மெஜாரிட்டி. லண்டனிலிருந்து உத்தரவு வந்துவிட்டால் விவாதமாவது ஒன்றாவது! இந்திய உறுப்பினர்கள் சிலர் எதிர்த்துப் பேசினார்கள். பேசத்தான் முடிந்தது. அந்த வரியை 1925 டிசம்பரில் நிறுத்தி வைத்து, 1926-ல் ஒழித்தார்கள். சுமார் முப்பது வருஷம்! அதாவது, கதவே இல்லாத வீடு. தட்டுவதற்கு இடம் கிடையாது.

சுதந்திர இந்தியா கதவுகள் வைத்துக் கட்டிய வீடு. ஒன்றல்ல, பல கதவுகள். ஒரு பனியன் நேராக நூலிலிருந்து கடைக்கு வந்துவிடுகிறதா என்ன? நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று எத்தனை கை மாறுகிறது. மசோதாவும் அப்படித்தான். முதலில் அறிமுகம். தேவைப்பட்டால் கமிட்டி. பிறகு ஒவ்வொரு பிரிவாக விவாதம், திருத்தம். அப்புறம் ஓட்டு. அடுத்த சபையில் மறுபடி அதே கதை. கடைசியில் ஜனாதிபதியின் கையெழுத்து, கெஜட்.

ஜி.எஸ்.டி. இந்த வழியில் எப்படி நடந்தது என்று பாருங்கள்.

2006 பட்ஜெட் உரையில் ப.சிதம்பரம் தேதியே குறித்தார்: 2010 ஏப்ரல் 1. அந்தத் தேதி வந்தது, போனது. 2011 மார்ச்சில்தான் அரசியல் சட்டத் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. அறிக்கையும் வந்தது. அதற்குள் 2014 தேர்தல். மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் உள்ள மசோதாவும் சேர்ந்து செத்துவிடும். செத்தது.

2014 டிசம்பரில் புதிய அரசு புதிதாக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. 2015 மே 6 அன்று மக்களவையில் பாஸ். ஆனால் மாநிலங்களவையில் ஆளுங்கட்சிக்கு பலம் இல்லை. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இரண்டு சபையிலும் தனித்தனியாக மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கூட்டுக் கூட்டம் போட்டு சமாளிக்கிற வேலையும் நடக்காது. வேறு வழியில்லாமல் தேர்வுக் குழுவுக்குப் போனது.

இந்தத் தாமதத்தால் என்ன லாபம் என்கிறீர்களா? இருக்கிறது. அந்த மசோதாவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் சரக்குக்குக் கூடுதலாக 1 சதவீத வரி இருந்தது. திருப்பூரிலிருந்து டெல்லிக்கு, கொல்கத்தாவுக்கு பனியன் அனுப்புகிறவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! எதிர்க்கட்சிகள் பிடிவாதமாக நின்றன. கடைசியில் அந்த 1 சதவீதம் தூக்கப்பட்டது. 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் ஆதரவு 203, எதிர்ப்பு பூஜ்யம். அ.தி.மு.க. மட்டும், உற்பத்தி மாநிலமான தமிழகத்துக்கு வருமானம் போய்விடும் என்று எதிர்ப்பைச் சொல்லிவிட்டு வெளிநடப்பு செய்தது.

திருத்தம் செய்துவிட்டதால் மசோதா மறுபடி மக்களவைக்குப் போக வேண்டும். ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஒப்புதல். பிறகு பாதி மாநில சட்டசபைகளாவது தலையாட்ட வேண்டும். அதுவும் ஆனது. செப்டம்பர் 8, ஜனாதிபதி கையெழுத்து. சிதம்பரம் அறிவித்ததிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல்!

ஆனால், இது வரி போடுவதற்கான அனுமதிதான். வரிச் சட்டமே இனிமேல்தான். 2017 மார்ச் 27-ல் நான்கு மசோதாக்கள் மக்களவைக்கு வந்தன. 29-ல் பாஸ். இவை பண மசோதாக்கள். மாநிலங்களவை ஆலோசனை சொல்லலாம், தடுக்க முடியாது. ஏப்ரல் 6-ல் அங்கேயும் முடிந்தது. ஏப்ரல் 12-ல் கையெழுத்து. அனுமதிக்குப் பத்து வருஷம், வரிச் சட்டத்துக்குப் பதினேழு நாள்!

அந்தச் சட்டத்தை வாங்கி மங்கலத்துக்காரரின் 5 சதவீதத்தைத் தேடினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ம்ஹூம்... இல்லவே இல்லை!

ஒன்பதாவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? மத்திய ஜி.எஸ்.டி. 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்பதை ஜி.எஸ்.டி. கவுன்சிலின் பரிந்துரைப்படி அரசு அறிவிக்கும். அவ்வளவுதான். நாடாளுமன்றம் கட்டியது கூரையை மட்டும். விகிதம் வருவது அறிவிக்கையில். கவுன்சிலில் மத்திய நிதி அமைச்சர் தலைவர், மாநில அமைச்சர்கள் உறுப்பினர்கள். மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க முக்கால் பங்கு வேண்டும்.

இது நல்லதா கெட்டதா? இரண்டும்தான். 2017 ஜூலை 1 அன்று துணி நெய்யும் கூலிக்கு 5 சதவீதம், ஆனால் பனியன் தைக்கும் கூலிக்கு 18 சதவீதம் என்று இருந்தது. ஜவுளி ஊர்களிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்ட் 5 அன்றே கவுன்சில் 18-ஐ 5 ஆக்கியது. இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியிருந்தால் எத்தனை தையல் மெஷின்கள் நின்றிருக்கும்!

எளிதாக இறக்க முடிந்தால் எளிதாக ஏற்றவும் முடியும் அல்லவா? 2021 நவம்பரில் ஓர் அறிவிக்கை வந்தது. 2022 ஜனவரி 1 முதல் துணிக்கும் ஆடைக்கும் 5-க்கு பதில் 12 சதவீதம். எந்தச் சபையிலும் மசோதா இல்லை, ஓட்டு இல்லை. ஜவுளி ஊர்கள் மறுபடி கொதித்தன. மாநில அரசுகளும் ஆட்சேபித்தன. டிசம்பர் 31 அன்று கவுன்சில் அவசரமாகக் கூடி அதைத் தள்ளிவைத்தது. அமலுக்கு வர ஒரே ஒரு ராத்திரிதான் பாக்கி!

இப்போது அந்தத் தறிக்காரரின் கேள்விக்கு வருவோம். கேட்டார்களா? சட்டம் வருமுன் அவரைத் தேடி மங்கலத்துக்கு யாரும் வரவில்லைதான். ஆனால் 1896 மாதிரி கதவே இல்லாத வீடும் இல்லை இது. நாடாளுமன்றம் என்கிற பெரிய கதவு மெதுவாகத் திறக்கும். அங்கே போக எம்.பி. வேண்டும், கமிட்டிக்கு மனு வேண்டும், வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும். அறிவிக்கை என்கிற சின்னக் கதவு பொசுக்கென்று திறக்கும், பொசுக்கென்று மூடும். அதைத் தட்ட வேண்டிய இடம் மாநில நிதி அமைச்சரின் வாசல்.

பெரிய கதவின் முன்னால் கூட்டம் அதிகம். டி.வி. கேமராவும் அங்கேதான். நம்முடைய 5 சதவீதமோ சின்னக் கதவு வழியாகப் போய் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை 'சட்டம் பாஸ்' என்று தலைப்புச் செய்தி வந்தால் அதோடு பேப்பரை மடித்து வைத்துவிடாதீர்கள். 'சரி, விகிதத்தை யார் எழுதப் போகிறார்கள்?' என்று கேளுங்கள்.

அதைக் கேட்கத் தெரிந்துகொண்டால், 'எங்களை யாராச்சும் கேட்டாங்களா' என்று அப்புறம் கேட்க வேண்டிய அவசியம் பாதியாவது குறையும்.