இடமலைக்குடி ஊராட்சித் தேர்தல்: பழங்குடித் தன்னாட்சியும் அதன் சொற்களும்

0. முன்னுரை

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு வடக்கே, ஆனைமலைத் தொடரின் உட்பகுதியில் அமைந்துள்ளது இடமலைக்குடி. முதுவர் எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் இப்பகுதி 2010ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராம ஊராட்சியாகச் செயற்படத் தொடங்கியது. அதற்குமுன் இது மூணாறு ஊராட்சியின் வார்டுகளுள் ஒன்றாகவே இருந்தது.

ஒரு பழங்குடி மக்கட்பிரிவினர் தமக்கெனத் தனி ஊராட்சி பெற்று, தம் உறுப்பினர்களைத் தாமே தேர்ந்தெடுத்தனர் என்பது வரலாற்றில் குறிக்கத்தக்கதாகும். ஆயினும் இதனைத் 'தன்னாட்சி' என்னும் சொல்லால் குறிப்பது பொருந்துமா என்பது தனியே ஆராய்தற்குரியது. இந்திய அரசியலமைப்பில் பழங்குடித் தன்னாட்சி என்பது வரையறுத்த பொருளுடையது. மலையாளத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கும்போது அவ்வரையறை மறைந்துவிட இடமுண்டு. 2010ஆம் ஆண்டுத் தேர்தல் வழங்கியது யாது, வழங்காதது யாது என்பதனை வரலாற்று வழியிலும் சொல்வழியிலும் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. மலையும் மக்களும்

முதுவர் தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தோர் என்று கூறிக்கொள்வர். குழந்தைகளை முதுகில் சுமந்து வந்தமையால் முதுவர் எனப் பெயர் பெற்றனர் என்பது அவர்தம் வழக்கு. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில் இம்மரபு இடம்பெற்றுள்ளது. இத்தகைய பெயர்க்காரணங்கள் மக்கள் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள நினைவைக் காட்டுவன. அவற்றைச் சொற்பிறப்பியலுக்குச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. அம்மலைகளின் மேலுரிமை கொண்டிருந்த பூஞ்சாறு அரச மரபினரும் தம்மைப் பாண்டியர் வழியினர் எனக் கூறிக்கொண்டமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

முதுவர் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. இதனைத் தமிழின் கிளைமொழி என்பாரும் தனிமொழி என்பாரும் உளர். இடமலைக்குடியின் ஊர்ப்பெயர்களே இந்நெருக்கத்தைக் காட்டும். மீன்கொத்திக்குடி, நூறடிக்குடி, ஆண்டவன்குடி, இருப்புக்கல்குடி என்பன தமிழறிந்தார்க்கு விளக்கம் வேண்டாதவை. சொசைட்டிக்குடி, ஷெட்டுக்குடி என்பன அயலாட்சியும் அயல்வணிகமும் காட்டிற்குள் விட்டுச்சென்ற சொற்களைத் தாங்கி நிற்கின்றன. இத்தகைய குடிகள் இருபதுக்கு மேற்பட்டவை சேர்ந்ததே இன்றைய ஊராட்சி.

ஒவ்வொரு குடிக்கும் காணி எனப்படும் தலைவர் உண்டு. வழக்குத் தீர்த்தல், விழா நாள் குறித்தல், வெளியாரோடு பேசுதல் ஆகியன அவர் பொறுப்பு. மணமாகாத இளைஞர் தங்கும் சாவடியும் குடியின் உறுப்புகளுள் ஒன்றாகும். ஆகவே 2010இல் ஊராட்சி வந்தபோது அம்மலையில் ஆட்சிமுறை புதிதாகத் தோன்றியது என்று கொள்ளுதல் பொருந்தாது. ஏற்கெனவே இருந்த ஆட்சிமுறையின்மீது மற்றொன்று வந்து அமர்ந்தது.

2. எழுத்தில் கைமாறிய நிலம்

1877ஆம் ஆண்டு பூஞ்சாறு அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக்கொடுத்தார். மலைக்குப் பெயரளித்த கண்ணன், தேவன் என்போர் முதுவர் தலைவர்கள் என்பது வழிவழிச் செய்தி. பெயர் முதுவருடையதாக நிலைக்க, ஆவணம் அரசருக்கும் துரைக்கும் இடையே எழுதப்பட்டது. அதில் காணிக்கு இடமில்லை. பின்னர்த் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து தொழிலாளர் பெருமளவில் வந்து குடியேறினர். முதுவர் வாழ்ந்த உட்காடு வனத்துறையின் ஆளுகைக்கு உட்பட்டது.

1950களில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டும் எனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. எனினும் 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அவ்வட்டங்கள் கேரளத்தில் நின்றன. தோட்டத் தமிழர் எந்த மாநிலத்தவர் என்பதே அன்றைய வாதத்தின் மையம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே நின்ற முதுவர் தனித்த தரப்பாகக் கொள்ளப்படவில்லை. சரியாக 54 ஆண்டுகள் கழித்து அதே நவம்பர் 1ஆம் நாளில் அவர்தம் ஊராட்சி செயற்படத் தொடங்கியது.

3. அரசியலமைப்பின் இரண்டு அட்டவணைகள்

தன்னாட்சி என்னும் சொல்லின் அளவை அறிய அரசியலமைப்பின் ஐந்தாம், ஆறாம் அட்டவணைகளை நோக்குதல் வேண்டும்.

ஆறாம் அட்டவணை அசாம், மேகாலயம், திரிபுரா, மிசோரம் ஆகிய மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளுக்கு உரியது. இதன்கீழ் அமையும் தன்னாட்சி மாவட்ட மன்றங்களுக்கு 1952இல் முதற்றேர்தல் நடைபெற்றது. நாகா மலையினர் அதனைப் புறக்கணித்தனர். இன்று இவ்வட்டவணையின்கீழ் 10 மன்றங்கள் உள்ளன. நிலப் பங்கீடு, காப்புக்காடு அல்லாத காடுகள், காட்டெரிப்பு வேளாண்மை, ஊர்மன்றங்கள், திருமணம், சொத்துரிமை, சமூக வழக்கங்கள் ஆகியவை பற்றி இம்மன்றங்கள் சட்டம் இயற்றலாம். ஊர் நீதிமன்றங்களை அமைக்கலாம். தலைவர்களை நியமிப்பதும் அவர்தம் மரபுரிமையை வரையறுப்பதும் இவற்றின் அதிகார எல்லைக்குள் அடங்கும்.

ஐந்தாம் அட்டவணை பிற மாநிலங்களின் அட்டவணைப் பகுதிகளுக்குரியது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இப்பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரித்தபோது, மக்களின் மரபையும் வழக்காறுவழித் தீர்ப்புமுறையையும் காக்கும் தகுதி கிராம சபைக்கு உண்டு என அறிந்தேற்றது.

கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. 2001ஆம் ஆண்டு சி. கே. ஜானு தலைமையில் திருவனந்தபுரத்தில் நடந்த நிலப்போராட்டத்தின் முடிவில் ஏற்பட்ட உடன்பாட்டில், பழங்குடிப் பகுதிகளை ஐந்தாம் அட்டவணையில் சேர்க்கும் கோரிக்கையும் இடம்பெற்றது. அது நிறைவேறவில்லை. எனவே இடமலைக்குடி ஊராட்சி 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டத்தின்கீழ், சமவெளியின் ஏனைய ஊராட்சிகளைப் போலவே அமைந்தது. அதன் மக்கள் பழங்குடியினர். அதன் அதிகாரங்கள் பொதுவானவை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

4. 2010ஆம் ஆண்டுத் தேர்தல்

கேரள உள்ளாட்சித் தேர்தல் 2010 அக்டோபர் 23, 25 ஆகிய நாள்களில் இரு கட்டங்களாக நடைபெற்றது. இடமலைக்குடி 13 வார்டுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. மக்கள்தொகை மிகக் குறைவாதலின் ஒரு வார்டுக்குச் சராசரியாக 200 வாக்காளர்கூட இல்லை. சமவெளியில் ஒரு தெருவுக்கு ஒப்பான இவ்வெண்ணிக்கை, காட்டில் ஒரு நாள் நடைவழியில் சிதறிக் கிடந்தது. வாக்குப்பதிவு அலுவலர் பெட்டிமுடிக்கு அப்பால் காட்டுவழியே சென்று குடிகளை அடைய வேண்டியிருந்தது.

இத்தேர்தல் கொணர்ந்த மாற்றங்கள் இரண்டு. முதலாவது, கட்சிச் சின்னங்கள் குடிகளுக்குள் நுழைந்தமை. கேரளத்தில் கிராம ஊராட்சித் தேர்தல் கட்சி அடிப்படையில் நடப்பது. காணியின் தகுதி வழிமுறையாலும் குடியினர் இசைவாலும் அமைவது. வார்டு உறுப்பினரின் தகுதியோ எண்ணிக்கையால் அமைவது. இசைவு தேடும் அவையில் தோற்றவர் என ஒருவர் இல்லை. எண்ணிக்கை தேடும் தேர்தலில் ஒருவர் தோற்றே ஆகவேண்டும். சில வாக்குகளே முடிவைத் தீர்மானிக்கும் சிறு வார்டில், தோற்றவரும் வென்றவரும் பெரும்பாலும் உறவினராகவே இருப்பர்.

இரண்டாவது, பெண்களின் இடம். கேரளம் 2009இல் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அவ்வொதுக்கீடு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த பொதுத்தேர்தல் இதுவே. பெண்கள் விலகியிருத்தலை வழக்கமாகக் கொண்ட ஒரு சமூகத்தில், ஆடவர் அவைக்கு நிகரான அவையொன்றில் பெண்கள் உறுப்பினராயினர். வழக்காற்று அவை தராத இடத்தைப் பொதுச்சட்டம் தந்தது. தன்னாட்சி கிட்டியிருந்தால் இம்மாற்றம் இவ்வளவு விரைவில் வந்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வழக்காற்றைக் காப்பதும் சமத்துவத்தை வளர்ப்பதும் எப்போதும் ஒரே திசையில் செல்வனவல்ல.

தேர்தல் முடிந்தும் ஊராட்சி அலுவலகம் காட்டிற்குள் செல்லவில்லை. பல்லாண்டுகள் அது தேவிகுளத்திலிருந்தே இயங்கியது. தம் ஊராட்சியில் ஒரு சான்றிதழ் பெற வேண்டியவர் அவ்வூராட்சியின் எல்லையைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது.

5. குடி, ஊர், வார்டு

கேரள அரசின் ஆவணங்களில் பழங்குடிக் குடியிருப்பு 'ஊர்' எனவும், அதன் அவை 'ஊருக்கூட்டம்' எனவும், தலைவர் 'ஊருமூப்பன்' எனவும் குறிக்கப்படுகின்றனர். இச்சொற்கள் பாலக்காட்டு அட்டப்பாடியின் இருளர், முதுகர் வழக்கோடு ஒத்தவை. அங்கு மூப்பன், குறுதலை, பண்டாரி, மண்ணுக்காரன் என ஊர்ப் பொறுப்பாளர் நால்வர் உண்டு. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு கடமையைச் சுட்டும். முதுவரோ குடி, காணி என்பர். மாநிலம் முழுமைக்கும் ஒரே சொல்லை ஆளும்போது, காணி என்பவர் ஆவணத்தில் மூப்பன் ஆகிவிடுகிறார், குடி ஊராகிவிடுகிறது.

'காணி' என்பது பெயர்ப்பாளர்க்கு மற்றோர் இடரும் தரும். பொதுத்தமிழில் அது நிலத்தையும் நிலவுரிமையையும் ஓர் அளவையும் குறிக்கும். முதுவர் வழக்கில் அது ஆளைக் குறிக்கும். 'காணியின் முடிவு' என்னும் தொடரைப் பின்னணி அறியாது பெயர்ப்போர் நிலத்தைப் பற்றிய முடிவெனக் கொண்டுவிடக்கூடும்.

இதனினும் நுட்பமானது 'கிராம சபை' என்னும் சொல். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கேரளத்தில் ஒரு வார்டின் வாக்காளர் அனைவரும் சேர்ந்தது கிராம சபை. 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டத்தைச் செயற்படுத்துகையில் குடியிருப்பு அளவில் கூடும் அவையும் கிராம சபை எனப்பட்டது. முன்னது பயனாளிகளைத் தெரிவுசெய்து திட்டங்களைப் பரிந்துரைக்கும். பின்னது காட்டின்மீதான உரிமைக் கோரிக்கைகளைத் தொடங்கிவைத்து ஆராயும். காட்டைக் காக்கும் அதிகாரமும் அதற்குண்டு. ஆறாம் அட்டவணையின் மன்றத்தை ஓரளவு நினைவூட்டுவது பின்னதே. ஊராட்சித் தேர்தலால் வராத உரிமை ஒன்று, தேர்தலே இல்லாத குடி அவைக்கு வேறு சட்டத்தால் வந்தது என்பது வரலாற்றின் முரண் எனலாம். சொல் ஒன்றாக இருப்பதால் பெயர்ப்பில் இம்முரண் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

6. சுயம்பரணம், உள்ளாட்சி, தன்னாட்சி

மலையாளத்தில் உள்ளாட்சியைத் 'தத்தேச ஸ்வயம்பரணம்' என்பர். பழங்குடி இயக்கத்தினர் கோரும் தன்னாட்சியும் அம்மொழியில் 'ஸ்வயம்பரணம்' என்றே வழங்கும். அம்மொழி பேசுவோர் அடைமொழியாலும் இடத்தாலும் வேறுபாட்டை உணர்வர். தமிழில் இவ்விரு கருத்துகளுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. உள்ளாட்சி என்பது மாநிலச் சட்டத்தின் வழி வந்த நிர்வாகப் பொறுப்பு. தன்னாட்சி என்பது சட்டமியற்றும் அதிகாரத்தையும் உள்ளடக்கியது. 'மாநில சுயாட்சி' என்னும் தொடர் தமிழக அரசியலில் 1969க்குப் பின் பெற்ற வலிமையும் இவ்வேறுபாட்டைத் தமிழர் நன்கறிவர் என்பதைக் காட்டும். தமிழில் உள்ள வேறுபாட்டை விட்டுவிட்டு, 'ஸ்வயம்பரணம்' வருமிடமெல்லாம் 'தன்னாட்சி' எனப் பெயர்த்தால், இல்லாத உரிமை ஒன்று எழுத்தில் தோன்றிவிடும்.

பெயர்ப்புப் பிழை சட்டத்தையே தொடும் என்பதற்கு இத்தொகுதியிலேயே சான்றுண்டு. இடமலைக்குடி தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. 2021 மே திங்களில் அத்தொகுதி உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். அவருக்குத் தரப்பட்ட தமிழ் வாசகத்தில், கடவுளின் பெயரால் என்றோ உளமார என்றோ கூறும் பகுதி விடுபட்டிருந்தது. அதனால் சூன் 2ஆம் நாள் அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. ஒரு தொடர் விடுபட்டமையால் ஏற்பே குறையுடையதாயிற்று.

தமிழில் உறுதிமொழி ஏற்க ஒருவர்க்கு இயன்றது, தமிழ் அங்குச் சிறுபான்மை மொழியாக ஏற்கப்பட்டமையாலாகும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுத்துத்தொடர்பு கொள்ள வகைசெய்தது. முதுவர் மொழிக்கு அத்தகைய ஏற்பு இல்லை. இடமலைக்குடிக் குழந்தைகளுக்கு முதுவர் மொழிவழியே மலையாளம் கற்பிக்கும் முயற்சி அண்மைக்காலத்தில் தொடங்கியுள்ளது. எனினும் அம்மொழி பள்ளிக்குள் நுழைந்த அளவுக்கு ஊராட்சி ஆவணங்களுக்குள் நுழையவில்லை.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும்.

2010ஆம் ஆண்டுத் தேர்தல் முதுவர்க்குத் தனி ஊராட்சியைத் தந்தது, தன்னாட்சியைத் தரவில்லை. நிதியும் திட்டமும் பெண்களுக்கு அவையில் இடமும் வந்தன. நிலம், காடு, வழக்காறு ஆகியவற்றின்மீது சட்டமியற்றும் அதிகாரம் வரவில்லை. காணியின் அவை சட்டத்திற்குப் புறத்தேயே நின்றது.

பெயர்ப்பாளர் உள்ளாட்சி, தன்னாட்சி ஆகிய இரு சொற்களையும் ஒன்றற்கொன்று மாற்றாக ஆளாது, பின்னதை அட்டவணைவழி அமைந்த மன்றங்களுக்கும் அவற்றையொத்த கோரிக்கைகளுக்கும் மட்டும் உரியதாக்குதல் நன்று. கிராம சபை என வருமிடத்து எச்சட்டத்தின் கிராம சபை என்பதனைத் தெளிவுறுத்துதல் வேண்டும். குடி, காணி என்பவற்றை ஊர், மூப்பன் என மாற்றாது அவ்வாறே ஆளுதல் வேண்டும்.

1877ஆம் ஆண்டு ஆவணத்தில் மலையின் பெயர் இருந்தது. மலையின் மக்கள் இல்லை. 2010ஆம் ஆண்டு ஆவணத்தில் மக்கள் இடம்பெற்றனர். அவர்தம் ஆட்சிமுறைக்குரிய சொற்கள் இன்னும் இடம்பெறவில்லை. அச்சொற்களைப் பிழையின்றிப் பதிவுசெய்தல் மொழியியலார் முன்னுள்ள பணியாகும். பெறாத உரிமையைப் பெற்றதாக எழுதிவிட்டால், அவ்வுரிமையைக் கோருவோரின் குரல் பொருளற்றதாகத் தோன்றும் என்பதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.