தலையளந்த கருவியும் தாடையளக்கும் கருவியும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1959ஆம் ஆண்டில் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. கேரளத்தில் இத்துறைக்கென எழுந்த முதற் கல்லூரி அதுவே. பல் சீரமைப்பு மருத்துவர், குழந்தையின் பல்வரிசையைப் பாரிஸ் சாந்தில் வார்த்தெடுத்து, காலிப்பர் என்னும் இடுக்கி அளவுகோலால் அதன் அகலத்தை அளப்பார். அக்கருவியைக் காணுந்தோறும் நமக்குப் பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருகின்றது.

1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், இவ்வகைக் கருவிகளைக் கொண்டே தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தம்மைப் பாடம்செய்து காட்சியில் நிறுத்திவிடுவாரோ என அஞ்சி ஓடினர் என்று அவரே எழுதியுள்ளார். அவர் அதை வேடிக்கையாகக் கருதினார். நம்மால் அவ்வாறு கருத இயலவில்லை. பின்னர், திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றிய எல். ஏ. கிருஷ்ண ஐயர் எழுதிய திருவிதாங்கூர்ப் பழங்குடிகள் பற்றிய நூல், 1937 முதல் 1941 வரை மூன்று தொகுதிகளாகத் திருவனந்தபுரத்தில் வெளிவந்தது. அதிலும் உடலளவுகள் உண்டு. ஆயின் இவையாவும் பெரும்பாலும் வளர்ந்தோரை ஒருமுறை மட்டும் அளந்து, இன்ன இனத்தார் என வகுக்க எழுந்தவை. வளர்ச்சி என்பது அவ்வளவுகளில் புலப்படாது.

வளர்ச்சியை அறிய, ஒரே குழந்தையை ஆண்டுதோறும் அளத்தல் வேண்டும். தாடை பின்புறமாக நீண்டு கடைவாய்ப் பற்களுக்கு இடந்தருகின்றது என்பதை ஜான் ஹண்டர் 1771இலேயே எடுத்துரைத்தார். அகலத்தின் கதை வேறு. 1909இல் பிரெஞ்சு மருத்துவர் போன் என்பார், மேல்வரிசையின் முன்பற்கள் நான்கின் அகலத்தைக் கூட்டி, அதிலிருந்து தாடை இருக்கவேண்டிய அகலத்தைக் கணக்கிட ஒரு வாய்பாடு வகுத்தார். தம் நாட்டாரிடம் எடுத்த அளவு அது; பிற மக்களுக்கு அது அப்படியே பொருந்துவதில்லை எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஒரு மக்களின் சராசரியை மற்றொரு மக்களின் குழந்தைமேல் ஏற்றுவது தர்ஸ்டன் காலத்துப் பிழைக்கு உறவுடையதே அன்றோ?

டென்மார்க்கின் ஆர்னே பியோர்க் 1955இல் வெளியிட்ட முறை இதனினும் நுட்பமானது. குழந்தைகளின் தாடையெலும்பில் நுண்ணிய உலோக ஊசிகளைப் பதித்து, ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்து, அவற்றின் இடைவெளியை அளந்தார். அண்ணத்தின் நடுவேயுள்ள எலும்புப் பொருத்துவாய் விரிந்து மேல்தாடை அகன்று வருவதும், முன்புறத்தினும் பின்புறத்தில் மிகுதியாக அகலுவதும் அவ்வாறு புலனாயின.

முகத்தின் மூவகை வளர்ச்சியில் அகலமே முதலில் நிறைவுறுவது. நீளமும் உயரமும் பின்னரே அடங்கும். கீழ்வரிசைக் கோரைப்பற்களின் இடையகலமோ, அப்பற்கள் முளைத்தபின் ஏறக்குறைய நின்றேவிடுகின்றது. குறுகிய மேல்தாடையைத் திருகுக் கருவியால் விரிக்கும் முறையை 1860இல் எமர்சன் ஏஞ்சல் கூறினார். நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கப்பெற்ற அதனை 1961இல் ஆண்ட்ரூ ஹாஸ் மீண்டும் நிலைநிறுத்தினார். பொருத்துவாய் இறுகுமுன் அது எளிது. இறுகியபின் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியதாகும்.

எம் அண்டை வீட்டார் தம் மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அவளுக்கு வயது பத்தொன்பது. பால்பல் விழும் வயதில் பல் வரிசை தானே சீராகிவிடும் என்று இருந்துவிட்டனர். மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, பத்து வயதில் எடுத்த வார்ப்பு ஏதேனும் உண்டா என்பது. அவர்களிடம் இருந்தது ஒரு பள்ளிக்கூடப் புகைப்படம் மட்டுமே. அதிலும் குழந்தை வாயை மூடியிருந்தது.