தோற்ற ஆழம்

தோற்ற ஆழம் என்பது நீருக்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, நீரினுள் இருக்கும் பொருளோ நீரின் அடித்தரையோ அமைந்திருப்பதாகத் தோன்றும் ஆழம் ஆகும். ஒளிவிலகல் காரணமாக இது உண்மை ஆழத்தைவிடக் குறைவாக இருக்கும். ஆறுகளும் வாய்க்கால்களும் குளங்களும் நிறைந்த தஞ்சைக் காவிரிப் படுகையில், நீரில் இறங்குவோரின் பாதுகாப்புடன் தொடர்புடைய இயற்பியல் நிகழ்வு இதுவாகும்.

காரணம்

ஒளி காற்றைவிட நீரில் மெதுவாகச் செல்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33 ஆகும். அடித்தரையிலிருந்து சாய்வாக வரும் ஒளிக்கதிர் காற்றினுள் நுழையும்போது செங்குத்துக்கோட்டை விட்டு விலகிச் செல்கிறது. ஒளி நேர்கோட்டில் வந்ததாகவே பார்ப்பவர் உணர்வதால், பொருள் மேலே எழும்பியதுபோல் தோன்றுகிறது. ஒளி விலகும் அளவைத் தரும் விதி, டச்சு அறிவியலாளர் வில்லெபிரோர்டு சினெல் பெயரால் சினெல் விதி எனப்படுகிறது.

கணக்கீடு

நேர் மேலிருந்து பார்க்கும்போது:

தோற்ற ஆழம் = உண்மை ஆழம் ÷ ஒளிவிலகல் எண்

இதன்படி 2 மீட்டர் ஆழமுள்ள குளம் 1.5 மீட்டர் ஆழமுள்ளதாகத் தோன்றும். பார்வை சாயச் சாய இம்மதிப்பு மேலும் குறையும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்து பார்த்தால், அதே குளம் 1 மீட்டரோ அதற்கும் குறைவாகவோ தோன்றும். ஆளை மூழ்கடிக்கும் நீர், கரையில் நிற்பவருக்கு இடுப்பளவாகத் தெரிவது இதனாலேயே.

காவிரிப் படுகையில்

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரியும் நீர், புதுவெள்ளத்தின்போது கலங்கலாக இருக்கும். அப்போது அடித்தரை தெரியாததால் தோற்ற ஆழம் என்பதற்கே இடமில்லை. தரை தெளிவாகத் தெரியும் நீரே ஆழத்தைக் குறைத்துக் காட்டுகிறது. திருவையாற்றுக் காவிரிப் படித்துறை, கும்பகோணம் மகாமகக் குளம் போன்ற இடங்களில் நீரில் மூழ்கிய படிகள் உள்ளதைவிட மேலே இருப்பதாகத் தோன்றும். எனவே, அடுத்த படியை நோக்கி வைக்கும் கால் எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கும்.

ஆழத்தை அறியக் கோலை ஊன்றிப் பார்ப்பதே நம்பகமானது. நீருக்குள் இருக்கையில் கோல் வளைந்தாற்போல் தெரிந்தாலும், வெளியே எடுத்தபின் அதில் நனைந்துள்ள நீளம் உண்மை ஆழத்தைக் காட்டும். மதகுகளிலும் பாலங்களிலும் உள்ள நீர்மட்ட அளவுகோல்கள் நீர்ப்பரப்பு தொடும் இடத்தில் படிக்கப்படுவதால், அவற்றை ஒளிவிலகல் பாதிப்பதில்லை.

உயிரினங்கள்

மீனை ஈட்டியால் குத்துபவர் அது தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே குறிவைக்க வேண்டும். கொக்கினத்துப் பறவைகள் சில இத்திருத்தத்துடன் இரையைக் கொத்துவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

நீருக்குள்ளிருந்து பார்த்தல்

நீருக்குள்ளிருந்து மேல்நோக்கினால், வானம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். அதற்கு வெளியே முழு அக எதிரொளிப்பால் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் இருக்கும். மனிதக் கண்ணின் குவிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விழிவெண்படலத்தால் கிடைக்கிறது. நீருக்குள் அத்திறன் பெரிதும் இழக்கப்படுவதால் காட்சி மங்குகிறது. காற்றடைத்த முகக்கண்ணாடி அணிந்தால் காட்சி தெளிவாகும். ஆயினும் பொருட்கள் முக்கால் பங்குத் தொலைவில் இருப்பதாகவே தோன்றும்.