ஜெர்மனியின் எரிவாயு இறக்குமதிச் சார்பு

ஒரு நாடு தன் இயற்கை எரிவாயுத் தேவையின் பெரும்பகுதியைப் பிற நாடுகளிலிருந்து பெறும் நிலை இறக்குமதிச் சார்பு எனப்படும். அந்நிலை விலைகளை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதை 2022-இல் ஜெர்மனி உலகுக்கு உணர்த்தியது.

நெதர்லாந்தின் குரோனிங்கன் வயல் 1959-இல் கண்டறியப்பட்ட பின் மேற்கு ஐரோப்பாவில் எரிவாயு வணிகம் விரிவடைந்தது. 1970 பிப்ரவரியில் எஸ்ஸன் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, மான்னஸ்மான் நிறுவனம் பெரிய விட்டமுள்ள எஃகுக் குழாய்களை வழங்க, ஜெர்மானிய வங்கிகள் கடன் தர, சோவியத் ஒன்றியம் அதற்கு ஈடாக எரிவாயு அனுப்ப ஒப்புக்கொண்டது. 1973-இல் வரத்து தொடங்கியது. சோவியத் எரிவாயுவை மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுவரும் சைபீரியக் குழாய்த் திட்டத்தைத் தடுக்க 1982-இல் அமெரிக்க அதிபர் ரீகன் விதித்த தடைகள் அவ்வாண்டிலேயே விலக்கப்பட்டன.

அக்கால ஒப்பந்தங்கள் பல பத்தாண்டுகள் நீடித்தன; எரிவாயு விலை எண்ணெய் விலையோடு பிணைக்கப்பட்டிருந்ததால் ஏற்ற இறக்கம் சில மாதங்கள் தாமதித்தே நுகர்வோரை எட்டியது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் இப்பிணைப்பு தளர்ந்து, டச்சுச் சந்தையான டி.டி.எஃப்.-இல் அன்றாடம் உருவாகும் விலையே அளவுகோலாயிற்று. வரத்து மிகுந்திருந்தவரை இம்மாற்றம் வாங்குவோருக்கு ஆதாயமாக இருந்தது. தட்டுப்பாடு வந்தபோது அதுவே அதிர்ச்சியை உடனுக்குடன் கடத்தியது.

இவ்வரலாற்றில் மிகப் பெரிய பிழை 2014-க்குப் பின் நேர்ந்தது. ரஷ்யா கிரீமியாவைக் கைப்பற்றிய மறு ஆண்டிலேயே, ரஷ்ய எரிவாயுவை ஜெர்மனிக்குக் கொண்டுவர நார்டு ஸ்ட்ரீம் 2 குழாய்க்கு ஒப்பந்தம் உருவானதோடு, ஜெர்மனியின் ரேடன் எரிவாயுச் சேமிப்புக் கிடங்கும் ரஷ்ய அரசு நிறுவனமான காஸ்ப்ரோம் வசமானது. வாயு எடுத்துத் தீர்ந்த பழைய வயலின் நுண்துளைப் பாறைகளுக்குள், நிலத்தடியில் ஆழமாக அமைந்த இக்கிடங்கு, நாட்டின் சேமிப்புத் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டது. கோடையில் நிரப்பிக் குளிர்காலத்தில் எடுப்பதே வழக்கமாயிருக்க, 2021-இல் அது நிரப்பப்படவேயில்லை. அவ்வாண்டில் ஜெர்மனியின் எரிவாயு இறக்குமதியில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது என்பதை நோக்க, அந்த வெறுமை எச்சரிக்கையாகக் கொள்ளப்பட்டிருக்க வேண்டும்.

உக்ரைன் போர் தொடங்கிய பின், 2022 ஜூனில் ஏற்கெனவே இயங்கிவந்த நார்டு ஸ்ட்ரீம் 1 குழாயின் வரத்து அதன் கொள்ளளவில் 40 விழுக்காடாகவும் ஜூலையில் 20 விழுக்காடாகவும் சுருங்கி, ஆகஸ்ட் இறுதியில் முற்றிலும் நின்றது. முந்தைய பத்தாண்டில் பெரும்பாலும் ஒரு மெகாவாட் மணிக்கு 30 யூரோவுக்குக் கீழிருந்த டி.டி.எஃப். விலை அம்மாதம் 300 யூரோவைக் கடந்தது. மின்சந்தையில், தேவையை நிறைவு செய்ய இறுதியாக இயக்கப்படும் நிலையத்தின் செலவே அனைவருக்கும் விலையாகிறது. அந்நிலையம் பெரும்பாலும் எரிவாயுவில் ஓடுவதால், மொத்த உற்பத்தியில் அதன் பங்கு சிறிதாயினும் மின்விலையும் உடன் ஏறியது. ரஷ்ய வாயு நின்றதால் சந்தையில் அதிக விலைக்கு வாங்கி, பழைய ஒப்பந்த விலையில் விற்க நேர்ந்த யூனிப்பர் நிறுவனத்தை அரசே ஏற்றது. வீடுகளின் எரிவாயு நுகர்வில் 80 விழுக்காட்டுக்குக் கிலோவாட் மணிக்கு 12 சென்ட் என உச்சவரம்பும் விதிக்கப்பட்டது.

பாதிப்பு ஐரோப்பாவோடு நிற்கவில்லை. திரவமாக்கப்பட்ட எரிவாயுக் கப்பல்கள் கூடுதல் விலை கிடைத்த ஐரோப்பாவை நோக்கித் திரும்ப, உடனடிச் சந்தையில் வாங்க இயலாத வங்காளதேசம் மின்வெட்டை அறிவித்தது. ஜெர்மானிய அரசு பொறுப்பேற்ற முன்னாள் காஸ்ப்ரோம் கிளை நிறுவனமோ இந்தியாவின் கெயில் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய சரக்குகளை அனுப்பவில்லை.

2022 டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் திரவ எரிவாயுவுக்கான மிதவை இறக்குமுனையம் திறக்கப்பட்டது. நார்வே முதன்மை வழங்குநராயிற்று. எனினும் விலை உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எரிவாயுவையே மூலப்பொருளாகவும் கொள்ளும் பி.ஏ.எஸ்.எஃப். வேதிப்பொருள் நிறுவனம், லுட்விக்ஸ்ஹாஃபனில் தன் இரு அம்மோனியா ஆலைகளுள் ஒன்றை மூடுவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தது.