விரலில் மாட்டும் கிளிப் யாருடைய தோலைப் பார்த்துச் செய்யப்பட்டது?

கொவிட் காலத்தில் நம்மில் பலர் விரலில் மாட்டிப் பார்த்த ஒக்ஸிமீட்டரின் வரலாறு இது. இன்று பிள்ளைகள் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வொட்சில் ஒட்சிசன் அளவு காட்டுவதும் இதே வித்தைதான். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1940களில் அமெரிக்காவில் கிளென் மிலிகன் என்பவர் விமானிகளுக்காக ஒரு காதுக் கருவி செய்தார். உயரத்தில் பறக்கும்போது ஒட்சிசன் குறைந்து மயங்கிவிடக் கூடாதல்லவா. ஒக்ஸிமீட்டர் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். ஆனால் தோல், தசை, நாளத்து இரத்தம் எல்லாமே வெளிச்சத்தை உறிஞ்சும். அதில் நாடி இரத்தத்தை மட்டும் பிரித்துப் பார்ப்பது பெரும்பாடாக இருந்தது.

அதற்கு வழி கண்டவர் ஜப்பானின் தக்குவோ அயோயாகி. 1971இல் நிஹோன் கோடென் கம்பனியில் சேர்ந்த பொறியியலாளர். அவர் தேடியது ஒட்சிசனை அல்ல. இரத்தத்தில் சாயம் ஏற்றி, அது கரைந்து போவதைக் காதில் வெளிச்சத்தால் அளந்து, இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று பார்க்க முயன்றார். ஆனால் நாடித்துடிப்பு குறுக்கே வந்து வரைபைக் குழப்பியது. இரண்டாவது நிற ஒளி ஒன்றைச் சேர்த்துத் துடிப்பைச் சமப்படுத்தினார். இரத்தத்தின் ஒட்சிசன் அளவு மாறியதும் அந்தச் சமநிலை குலைந்துவிட்டது.

வேறு யாரும் என்றால் எரிச்சல்பட்டு விட்டிருப்பார். இவர் அங்கேதான் நின்று யோசித்தார். துடிப்பது நாடி இரத்தம் மட்டுமே. ஆகவே துடிப்போடு ஏறி இறங்கும் ஒளியை மட்டும் எடுத்தால் தோலும் எலும்பும் தாமாகவே கழிந்துவிடும். ஒட்சிசன் நிறைந்த இரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும், செந்நிறக்கீழ் ஒளியைக் கூடுதலாகவும் உறிஞ்சும். இரண்டையும் ஒப்பிட்டால் விடை கிடைக்கும். 1974 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அடுத்த மாதமே மினோல்டா கம்பனியும் இதே யோசனையோடு விண்ணப்பித்தது! 1980களில் அமெரிக்கக் கம்பனிகள் இதைச் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்குக் கொண்டு போயின.

இந்தக் கணக்குப்படி தோலின் நிறம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கருவி காட்டும் இலக்கம் வெறும் சூத்திரத்தால் வருவதில்லை. ஆரோக்கியமான தொண்டர்களை ஒட்சிசன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, அவர்களுடைய இரத்தத்தையும் எடுத்துச் சோதித்து, அந்த அளவுகளோடு கருவியைப் பொருத்துவார்கள். அந்தத் தொண்டர்கள் யார்? அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டலே கரிய தோல் உள்ளவர்கள் 2 பேர், அல்லது மொத்தத்தில் 15 வீதம் இருந்தால் போதும் என்றது.

இதன் விளைவு 2020 டிசம்பரில் வெளியே வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளை இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். உண்மை அளவு 88ஐ விடக் குறைந்திருந்தது வெள்ளையர்களிடம் 3.6 வீதம், கறுப்பினத்தவர்களிடம் 11.7 வீதம். அந்த ஆண்டு ஏப்ரலிலேயே அயோயாகி 84 வயதில் காலமாகிவிட்டார். 2022இல் வந்த இன்னொரு ஆய்வு, ஆசிய நோயாளிகளிலும் கருவி சராசரியாகச் சற்றுக் கூட்டிக் காட்டுவதாகச் சொன்னது. கொவிட் நோயாளியை வீட்டில் வைப்பதா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று உலகமே அந்த இலக்கத்தைப் பார்த்து முடிவெடுத்த காலம் அது. கூடுதலான ஆட்களை, எல்லா நிறத்தவரையும் வைத்துச் சோதிக்கச் சொல்லும் புதிய வரைவை அமெரிக்க நிர்வாகம் 2025 ஜனவரியில்தான் வெளியிட்டது.

எனவே வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால், கிளிப் 95 காட்டுகிறதே என்று இருந்துவிடாதீர்கள், டொக்டரிடம் கூட்டிப் போங்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு இன்னொன்று: கறுப்பு மருதாணியோ கடும் நிற நகப்பூச்சோ போட்ட விரலில் கருவி சில வேளை சரியாக வாசிக்காது. முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதற்கென்று உள்ள கிளிப்பைக் காதுச் சோணையில் மாட்டிப் பார்ப்பார்கள்.