பிணம் தூக்க நாம், திட்டம் போட யார்?

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். வருசாவருசம் அந்த நாளில் சனம் அங்கே கூடும். 2004-லும் கூடியது. மறுநாள் காலை கடல் வந்தது.

சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அதில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தில் மட்டும். பெரும்பாலோர் மீனவர்கள். அந்த இழப்பைக் குறைத்துச் சொல்ல நான் எழுதவில்லை. அழிவுக்குப் பிறகு ஊரை நிமிர்த்த யாரை எந்த வேலைக்கு எடுத்தார்கள், யாருடைய அறிவை அறிவென்று ஏற்றார்கள் என்பதே என் கேள்வி. இந்த வரலாற்றை நாமதான் எழுதணும். வேற யாரும் எழுதமாட்டாங்க.

முதல் வேலை பிணம் எடுப்பது. அழுகத் தொடங்கிய உடல்களைத் தொட ஆளில்லை. வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை வண்டியேற்றிக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். பலருக்குக் கையுறை இல்லை, முகமூடி இல்லை. நாட்கணக்கில் இடிபாடுகளுக்குள்ளிருந்து உடல்களை எடுத்தார்கள். கொள்ளைநோய் பரவாமல் தடுத்த பெருமை நிர்வாகத்துக்குப் போயிற்று. தடுத்த கைகளில் ஒருவர் பெயரைக்கூட நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

இரண்டாவது வேலை கணக்கெடுப்பு. 2005 சனவரியிலேயே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் உருவானது. உலக வங்கிப் பணமும் ஆசிய வளர்ச்சி வங்கிப் பணமும் பின்னால் வந்தன. பொறியாளர், மனநல ஆலோசகர், கணினி ஆள் எல்லாரும் வந்தார்கள். எங்க தெருவுக்கு வந்த ஆள் கேட்டது மூணே கேள்வி: படகு இருக்கா? வல இருக்கா? நெலத்துக்குப் பட்டா இருக்கா?

மூணும் இல்லை. எங்க அம்மா நடவுக்கூலி. உப்புத் தண்ணி ஏறின வயலில் நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. நிலம் வைத்திருந்தவருக்குப் பயிர் இழப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. கூலி இழப்புக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. உப்பளத்தில் வேலை பார்த்தவர், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடித்தவர், கூடை சுமந்து மீன் விற்றவள், எவருக்கும் அதில் இடமில்லை. 30.3.2005 தேதியிட்ட அரசாணை 172 கடலுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் அளந்தது. போன கூலியை எந்த மீட்டரில் அளப்பது? படிவம் தயாரித்தவர்களில் நடவு நட்ட ஒருத்தி இருந்திருந்தால் அந்தக் கட்டம் விடுபட்டிருக்காது.

மூன்றாவது வேலை நிலத்தை மீட்பது. கடல் சேற்றை வழித்தார்கள். வடிகால் வெட்டி, ஜிப்சம் போட்டு, மழைத்தண்ணியைத் தேக்கி வடித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். வேளாண் விஞ்ஞானிகள் சொன்ன வழி சரியான வழிதான். ஆனால் எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்து கிடக்கு, எந்த மூலையில் தண்ணி நிக்கும், எங்கே உப்புப் பூக்கும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக அந்த வயலில் குனிந்து நின்ற எங்க சனத்துக்குத் தெரியும். அறிக்கையில் அவர்கள் 'தொழிலாளர்'. வெளியிலிருந்து வந்தவர் 'வல்லுநர்'. மண்வெட்டி பிடித்தவனுக்கு மூளை இல்லை என்பது மனுவின் பாடம்தானே!

சேரியில் படித்த பிள்ளைகள் சிலரைக் களப்பணியாளராகச் சேர்த்தார்கள். நிதி தீர்ந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. அவர்கள் கற்றுக்கொண்டதும் அவர்களோடு வீட்டில் முடங்கியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம். பல ஊர்களிலிருந்தும் மறுபடி துப்புரவுத் தொழிலாளர்களைத்தான் வண்டியேற்றினார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மறுபடியும் வெளியூர் ஆள், மறுபடியும் முதலிலிருந்து கணக்கு.

2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-வது பிரிவு நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. நல்லது. மீட்புக்கான வேலையில் யாரை எங்கே அமர்த்துவது என்பது பற்றி அது பேசவில்லை. நாம் பேசுவோம். கடலோர ஊராட்சிகள்தோறும் நிரந்தரப் பணியிடம் வேண்டும். அதில் கூலிப் பெண்கள் உட்கார வேண்டும். கணக்கெடுப்புப் படிவத்தை அச்சடிக்கும் முன் சேரியில் வாசித்துக் காட்ட வேண்டும். துப்புரவுத் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கருவியும் மருத்துவமும் கொடுத்துவிட்டுத்தான் வேலை சொல்ல வேண்டும்.

அவசரத்துக்கு இரவோடு இரவாக நம்மைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த அரசுக்கு, திட்டம் போடும்போது மட்டும் நம்ம முகவரி தெரியாமல் போவதில்லை. தெரிந்தேதான் விடுகிறார்கள்.