ஒரு ராத்திரி வாடகை

சங்கரன்கோவிலின் தலபுராணமே ஒரு வாக்குவாதத்தில்தான் ஆரம்பிக்கிறது. சங்கன் என்ற நாகராஜனுக்குச் சிவனே பெரியவர். பதுமன் என்ற நாகராஜனுக்குத் திருமாலே பெரியவர். வழக்குத் தீரக் கோமதியம்மன் தவமிருந்தாள். இறைவன் பாதி சிவனும் பாதி திருமாலுமாய்ச் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார். ஆடித்தபசு விழா அதன் ஞாபகந்தான். இப்பேர்ப்பட்ட ஊரில் சினிமாவைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம் இருக்குமா?

அபிப்பிராயம் இருப்பது வேறு, அதைச் சொல்ல இடம் கிடைப்பது வேறு. பல வீடுகளில் அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுத்தது, 'டெக்' என்று நாம் அழைத்த ஒரு பெட்டி.

ஆதியில் படந்தான் மனிதரைத் தேடிக்கொண்டு வந்தது. திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு 1914-ல் கோயமுத்தூரில் 'வெரைட்டி ஹால்' கட்டினார். கொட்டகைகள் பெருகின. மனிதர்கள் படத்தைத் தேடிப் போகத் தொடங்கினார்கள்.

மறுபடியும் படம் வாசலுக்கு வந்ததற்கு ஜப்பான் தேசம் காரணம். 1975-ல் சோனி கம்பெனி வெளியிட்ட 'பீட்டாமாக்ஸ்' நாடா முதலில் ஒரு மணி நேரமே ஓடியது. மறு வருஷம் ஜே.வி.சி. கம்பெனியின் 'வி.எச்.எஸ்.' வந்தது, அது இரண்டு மணி நேரம். பின்னர் மூன்று மணி நேர நாடாவும் வந்து சேர்ந்தது. இரண்டரை மணிக்குக் குறைந்தால் படமா என்று கேட்கிற நமக்கு, இதைவிட வேறென்ன வேண்டும்? 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டை ஒட்டி வர்ணத் தொலைக்காட்சியும் வந்துவிட்டது. ஊருக்கு ஊர் வீடியோ கடைகள் முளைத்தன.

கொட்டகைக்காரர்கள் கலங்கினார்கள். 1984-ல் தமிழ்நாட்டில், வீடியோ நாடாவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த ஒரு சட்டமே வந்தது. அதே வருஷம் மத்திய சர்க்காரும் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, வீடியோப் படத்தை அதற்குள் கொண்டு வந்தது.

சட்டத்துக்கு இது தொழில். எங்கள் தெருவுக்குத் திருவிழா. இருட்டும் நேரத்தில் சைக்கிளில் பெட்டி வந்து இறங்கும். வாடகை ராத்திரிக் கணக்கு, விடிந்தால் திருப்பிவிட வேண்டும். ஆகவே கொடுத்த காசு வீணாகாமல் மூன்று படம், நான்கு படம். திரையில் கோடு விழுந்தால் கடைக்காரப் பையன் குமிழைத் திருகுவான். கடைசிப் படத்தைப் பெரும்பாலும் தூங்குகிறவர்களே பார்ப்பார்கள்.

அப்படி ஒரு ராத்திரி எங்கள் ஆச்சியும் உட்கார்ந்து படம் பார்த்தாள். தாத்தா காலமான பிறகு கொட்டகை வாசலை மிதிக்காதவள் அவள். மகன் கைவிட்ட தாயின் கதை. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் திண்ணையில் ஆண்கள் கூடி நடிப்பையும் பாட்டையும் அலசிக்கொண்டிருந்தோம். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆச்சி, யாரும் கேட்காமலே சொன்னாள்:

"அந்தத் தாய் அம்புட்டு நேரம் அழுதாளே, நீ சாப்பிட்டியாட்டின்னு ஒருத்தங்கூடக் கேக்கலியே!"

திண்ணை கொல்லென்று சிரித்தது. கதை எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்த நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆச்சி கடைசியில் சாப்பிடுவதுதான் வழக்கம். அன்று மத்தியானம் அம்மா முதல் இலையை ஆச்சிக்குப் போட்டாள். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தவள் எங்கள் வீட்டில் ஒருத்திதான். அவள் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றியதில்லை.

ஜப்பானில் கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் கம்பெனி, 2016 ஜூலையோடு அதையும் நிறுத்திவிட்டது. இப்போது படம் வாசலையும் தாண்டி உள்ளங்கைக்கே வந்துவிட்டது. அவரவர் அவரவர் மூலையில் பார்க்கிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்த்து முடித்ததும் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். அடுக்களைப் பக்கம் போய், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் சிரித்துவிடாதீர்கள்.